தொடாமல் மின்னழுத்தம் அறியும் கருவி: ஒளிராத விளக்கை நம்பலாமா?

சித்தூர்க் கடைவீதியில் மோட்டார் பழுது பார்ப்போரின் சட்டைப் பையிலும், திருப்பதியில் யாத்ரிகர் விடுதிகளைப் பராமரிக்கும் மின்பணியாளரின் கருவிப் பெட்டியிலும் பேனாவைப் போன்ற ஒரு சிறு சாதனம் இப்பொழுது சாதாரணமாகக் காணப்படுகிறது. கம்பியின் காப்புறைக்கு அருகே அதன் நுனியைக் கொண்டு சென்றால் போதும். கம்பியில் மின்னழுத்தம் இருப்பின் ஒரு சிறு விளக்கு ஒளிர்கிறது. சில வகைகளில் ஒலியும் எழுகிறது. முன்னர் வழங்கிய, இன்றும் வழங்கிவரும் நியான் விளக்கு டெஸ்டரோ உலோகத்தைத் தொட்டாக வேண்டும். தொடுபவரின் உடல் வழியே மிகச் சிறிய அளவேனும் மின்னோட்டம் சென்றாக வேண்டும். அத்தொல்லை இல்லாத புதுக் கருவியை மக்கள் விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

ஆயினும் இக்கருவி பயன்படும் முறையில் ஒரு பெரும் பிழை வேரூன்றி வருகிறது. விளக்கு ஒளிர்ந்தால் மின்சாரம் உண்டு என்று கொள்கிறோம். அது பெரும்பாலும் சரியே. ஒளிராவிட்டால் மின்சாரம் இல்லை என்று கொண்டு, அடுத்த கணமே வெறுங்கையால் கம்பியைப் பற்றுகிறோம். இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. கருவியின் சுற்றை வகுப்போரும், அதைப் பள்ளியில் கற்பிப்போரும், களத்தில் ஏந்திச் செல்வோரும் இந்த ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிழைக்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது. விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது அடிக்கடி இடறும் கல். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர்ப் பகுதியில் இரு மொழியாரும் 'கரண்டு' என்னும் ஒரே சொல்லால் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்விநியோகம் ஆகிய மூன்றையும் குறிக்கின்றனர். 'கரண்டு இருக்கிறதா?' என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது இடத்தைப் பொறுத்தது. பேனாக் கருவி இம்மூன்றில் மின்னோட்டத்தை அறிவதே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்ட மின்விளக்குக்குச் செல்லும் பேஸ் கம்பியில், சுவிட்சு வரையில், ஓட்டம் சிறிதும் இல்லை. ஆனால் கருவி ஒளிரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் நியூட்ரல் கம்பியில் ஐந்து ஆம்பியர் ஓடலாம், கருவி மௌனமாயிருக்கும். அது உணர்வது கம்பியைச் சூழ்ந்து வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி அமையும் மின்புலத்தை மட்டுமே. ஆதலின் வகுப்பில் இக்கருவியை அறிமுகம் செய்யும் ஆசிரியர், 'கரண்டு காட்டும் கருவி' என்று சொல்வதைத் தவிர்த்து, 'மாறும் மின்புலம் காட்டும் கருவி' என்று சொல்வாராயின் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கருவி இயங்கும் விதம் எளியது. இரு கடத்திகளும் இடையில் ஒரு காப்புப் பொருளும் இருந்தால் அது மின்தேக்கி, அதாவது கண்டென்சர், என்று பள்ளியிலேயே கற்பிக்கிறோம். சுவரிலுள்ள கம்பி ஒரு தகடு; கருவியின் நுனியிலுள்ள சிறு உலோகத் துண்டு மற்றொரு தகடு; இடையே காப்புறையும் காற்றும். இவ்வாறு அமையும் மின்தேக்கியின் அளவு ஏறத்தாழ 1 பிகோ பாரட் என்று கொள்வோம். 50 சுற்று மின்சாரத்திற்கு அது காட்டும் எதிர்ப்பு சுமார் 3,200 மெகா ஓம். 230 வோல்ட்டு அழுத்தத்தில் அதன் வழியே செல்லக்கூடிய ஓட்டம் ஏறத்தாழ 72 நானோ ஆம்பியர். ஓர் ஆம்பியரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே ஒரு நானோ ஆம்பியர். இத்துணைச் சிறிய ஓட்டத்தை ஒரு விளக்கை எரிக்கும் அளவிற்குப் பெருக்குவதே சுற்று வகுப்போரின் வேலை.

ஓட்டம் கருவிக்குள் நுழைந்தால் போதாது. வட்டம் முடிய வேண்டும். அதை முடித்துத் தருவது கருவியைப் பிடித்திருக்கும் மனிதனின் உடல். நிலத்தில் நிற்கும் மனித உடலுக்கும் பூமிக்கும் இடையே சுமார் 100 பிகோ பாரட் அளவில் ஒரு மின்தேக்கி அமைகிறது. ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தாலும் அது அறுந்துவிடுவதில்லை. ஆனால் உலர்ந்த மர ஏணியின் மேல் ஏறி, உயிருள்ள கம்பிகளுக்கு மிக நெருங்கி நிற்பவரின் நிலை வேறு. பூமியுடன் அவர் உடலுக்குள்ள தொடர்பு குறைகிறது. கம்பிகளுடன் தொடர்பு மிகுகிறது. உடலின் மின்னழுத்தமே கம்பியின் அழுத்தத்தைப் பின்பற்றி ஏறத் தொடங்கும். நுனிக்கும் கைக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறைய, விளக்கும் மங்கும். ஆபத்து மிகுந்த இடத்தில்தான் கருவியின் உணர்ச்சி குன்றுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இனிச் சுற்றுக்கு வருவோம். மாணவர்கள் செய்து பார்க்கும் மாதிரிகள் பெரும்பாலும் இரு வகை. ஒன்று, மூன்று டிரான்சிஸ்டர்களை ஒன்றன் பின் ஒன்றாக இணைத்து, ஒவ்வொன்றும் முந்தியதன் ஓட்டத்தைச் சுமார் 200 மடங்கு பெருக்குமாறு செய்வது. மூன்றும் சேர்ந்தால் 80 லட்சம் மடங்கு. இது மலிவு, செய்வதும் எளிது. ஆயினும் எதற்கும் ஒளிரும் சுபாவம் உடையது. சட்டையில் கையை உரசினாலும், மேசை மேல் இழுத்தாலும் விளக்கு மின்னும்.

மற்றொன்று 4017 என்னும் எண்ணித் தொகுப்புச் சில்லைக் கொண்டு அமைவது. நான் இதையே பரிந்துரைப்பேன். அதன் 14ஆம் கால் நுனித் தகட்டுடன் இணையும்; 13, 15, 8 ஆகிய கால்கள் பாட்டரியின் எதிர்முனையுடனும், 16ஆம் கால் நேர்முனையுடனும் இணையும். 12ஆம் காலிலிருந்து ஒரு மின்தடை வழியே எல்.இ.டி. விளக்குச் செல்லும். வரும் பத்து அலைகளுக்கு ஒரு முறை இவ்விளக்கு எரிந்து அணையும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஆதலால் விளக்கு வினாடிக்குச் சரியாக ஐந்து முறை சிமிட்டும். உராய்வால் எழும் மின்னேற்றத்திற்கு இத்தகைய ஒழுங்கு கிடையாது. நகரி, புத்தூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் செயற்கை நூல் உரசி எழுப்பும் மின்னேற்றமும், கோடையில் நைலான் துணி எழுப்பும் மின்னேற்றமும் விளக்கைத் தாறுமாறாகத் துடிக்கச் செய்யுமே ஒழிய, சீராகச் சிமிட்டச் செய்யா. கண்ணாலேயே வேறுபாடு புலப்படும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு: கம்பியை விட்டு விலகும்போது எண்ணிக்கை எங்கே நின்றதோ அதற்கேற்ப விளக்கு எரிந்தபடியோ அணைந்தபடியோ நின்றுவிடும். சிமிட்டலே செய்தி, எரிதல் செய்தியன்று என்பதை மாணவர் இங்கு தாமே கண்டுகொள்வர்.

சுற்றின் உணர்ச்சியைத் தீர்மானிப்பது 14ஆம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே வைக்கும் மின்தடையே. மேற்கூறிய 72 நானோ ஆம்பியர் 10 மெகா ஓம் வழியே சென்றால் கிடைப்பது சுமார் 0.7 வோல்ட்டு. 9 வோல்ட்டு பாட்டரியில் இயங்கும் 4017 இதைக் கண்டுகொள்ளாது. அதற்கு ஏறத்தாழ நான்கைந்து வோல்ட்டு வேண்டும். 100 மெகா ஓம் வைத்தால் 7 வோல்ட்டு கிடைக்கும். சில்லு எண்ணத் தொடங்கும். மின்தடையே வைக்காமல் விட்டால் அறையிலுள்ள எல்லா வயர்களுக்கும் கருவி பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஆக, உணர்ச்சியைக் கூட்டினால் அடுத்த கம்பிக்கும் ஒளிர்கிறது. குறைத்தால் உள்ள கம்பிக்கும் ஒளிர மறுக்கிறது. எல்லா இடத்திற்கும் பொருந்தும் ஒரே அளவு என்று ஒன்று இல்லை.

இதனினும் முக்கியமானது மற்றொரு குறை. பாட்டரி தீர்ந்தாலும், நுனித் தகட்டின் பற்றவைப்பு விட்டுப்போனாலும், சில்லு பழுதுற்றாலும் விளக்கு ஒளிராது. மின்னழுத்தம் இல்லாதபோதும் ஒளிராது. செத்த கருவியும் செத்த கம்பியும் ஒரே முகம் காட்டுகின்றன. இப்படி அமைந்த சுற்று எவ்வளவு நுண்ணியதாயினும் முழுமையற்றது என்றே நான் கருதுகிறேன். சில கருவிகளில் சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்தினால் விளக்கு எரியும். அது பாட்டரியையும் விளக்கையும் மட்டுமே சோதிக்கிறது. நுனி முதல் விளக்கு வரை முழுப் பாதையும் சோதனைக்கு உட்படல் வேண்டும்.

இது கடினமன்று. சுற்றுக்குள்ளேயே வினாடிக்கு 50 அலை எழுப்பும் ஒரு சிறு அலையியற்றியை வைத்து, அதன் 9 வோல்ட்டை ஏறத்தாழ 25 பிகோ பாரட் மின்தேக்கி வழியாக நுனித் தகட்டிற்கே செலுத்தினால், 230 வோல்ட்டு 1 பிகோ பாரட் வழியாக வருவதற்கு நிகராகும். அலையியற்றி தருவது சதுர அலையாயின் முதலில் அதை ஒரு மின்தடையாலும் ஒரு பெரிய மின்தேக்கியாலும் மழுக்கிக்கொள்ள வேண்டும். அதனால் அழுத்தம் குறையும் அளவிற்கு 25 என்பதைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கூர்மையான விளிம்புடைய அலை சில்லை எளிதில் தூண்டிவிடும். அப்பொழுது சோதனை கருவிக்குச் சலுகை காட்டியதாகிவிடும். மேலும் சிறப்பானது, இச்சோதனை இரண்டு வினாடிக்கு ஒரு முறை தானாகவே நிகழ்ந்து ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டச் செய்வது. பச்சை சிமிட்டாத கருவியைப் பையில் போட்டுவிடலாம். பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிகளில் பரிசு பெறும் மாதிரிகளுள் எத்தனை தூரத்திலிருந்து ஒளிர்கிறது என்பதற்கே மதிப்பெண் தரப்படுகிறது. கருவி தன் நலத்தைத் தானே தெரிவிக்கிறதா என்று நடுவர்கள் கேட்பார்களாயின் போட்டியின் திசையே மாறும்.

கருவி முழு நலத்துடன் இருந்தும் மௌனம் சாதிக்கும் இடங்கள் உண்டு. அவற்றைச் சித்தூர் மாவட்டத்துப் பம்புக் கொட்டகையில் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். பலமனேர், குப்பம் முதலிய மேட்டுப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகளே விவசாயத்தின் உயிர். நீர்மூழ்கி மோட்டாருக்கு இறங்கும் மூன்று பேஸ் கேபிளில் மூன்று கம்பிகளின் அழுத்தங்களும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்று முன்பின்னாக மாறுகின்றன. எக்கணத்திலும் மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். ஆகவே சற்று விலகி நின்றால் அவற்றின் மின்புலங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. கேபிள் இரும்புக் குழாய்க்குள் சென்றாலோ, கவசக் கேபிளாய் இருந்தாலோ, எர்த்துடன் இணைந்த உலோகம் மின்புலத்தை முற்றிலும் மறைத்துவிடும். ஈர மண்ணில் புதைந்த கேபிளும் அவ்வாறே. ஸ்டார்ட்டர் பெட்டியின் தகரக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே மின்னழுத்தம் உண்டா என்று இக்கருவியைக் கேட்பது வீண்.

நேரமும் ஏமாற்றும். ஆந்திரத்தில் விவசாயத்திற்குக் கட்டணமில்லா மின்சாரத் திட்டம் 2004 முதல் நடைமுறையில் உள்ளது. மும்முனை மின்சாரம் குறித்த மணி நேரங்களுக்கே கிடைக்கும். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடச் செய்யும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பலர் பொருத்தியிருக்கின்றனர். மின்சாரம் வராத வேளையில் பெட்டியைத் திறந்து பேனாவை நீட்டினால் விளக்கு ஒளிராது. அப்போது அது சொல்வது உண்மையே. பத்து நிமிஷம் கழித்துத் திருகாணியை முறுக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்துவிடுகிறது. கருவி பார்த்தது ஒரு கணத்தை. வேலையோ ஒரு மணி நேரம் நீள்கிறது. இதற்கு எந்தச் சுற்றும் பரிகாரம் ஆகாது. பியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழைய வழக்கத்திற்கு இணையான காவல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மின்கம்பத்தில் ஏறுவோர்க்கு நான் சொல்லித் தெரியவேண்டியது குறைவு. இருப்பினும் ஒன்று: 1,000 வோல்ட்டுக்குட்பட்ட வேலைக்கென்று செய்த பேனாவை 11,000 வோல்ட்டு வழித்தடத்தின் அருகே நீட்டுதல் தற்கொலைக்கு ஒப்பாகும். அணைத்த வழித்தடத்திலும் எவரோ ஒருவர் தம் ஜெனரேட்டரை முறையின்றி இணைத்திருந்தால், டிரான்ஸ்பார்மர் பின்புறமாக இயங்கி அழுத்தத்தை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். அங்கே உரிய உயரழுத்தச் சோதிப்பானும், அதன் பிறகு எர்த்து ராடும் இன்றியமையாதவை.

தாழ்வழுத்த வேலையில் இக்கருவியை எவ்வாறு கையாளுதல் தகும்? முதலில், மின்னழுத்தம் உண்டென்று உறுதியாய்த் தெரிந்த ஓரிடத்தில் வைத்து ஒளிர்கிறதா என்று பார்த்தல். பிறகு வேலை செய்யவேண்டிய கம்பியில். மீண்டும் தெரிந்த இடத்தில். நடுவிலுள்ள மௌனத்திற்கு இருபுறமும் ஒளி சாட்சி நிற்க வேண்டும். இதன் பின்னரும் இருமுனைச் சோதிப்பானாலோ மீட்டராலோ பேஸுக்கும் பேஸுக்கும் இடையே, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே தொட்டு அளந்த பின்னரே கம்பி செத்தது என்று கொள்ளல் முறை. அப்படியாயின் பேனாவால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மிகுதி. செத்தது என்று எண்ணிய கம்பி உயிருடன் இருப்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நியூட்ரல் அறுந்த வீட்டில் இரு கம்பிகளிலும் ஒளிர்ந்து, பழுது எங்கே என்பதை ஒரு நிமிஷத்தில் உணர்த்தும். கௌண்டின்யா வனச் சரணாலயத்தை ஒட்டிய வயல்களில் சட்ட விரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிக் கம்பிகள் யானைகளையும் மனிதரையும் கொன்றிருக்கின்றன. அங்கு சுற்றும் வனப் பணியாளர்க்கும் இது ஒரு முன்னெச்சரிக்கையாகும். அங்கேயும், ஒளிராத வேலியைத் தொடலாம் என்று பொருளன்று.

இத்துணை எச்சரிக்கை சொன்னால் ஏழை விவசாயி இருக்கிற கருவியையும் வாங்கமாட்டான், புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழைய முறைக்கே திரும்பிவிடுவான் என்று சில நண்பர்கள் வாதிப்பதுண்டு. புறங்கையைவிடப் பேனா மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருவியை விற்கும் உறையில் அச்சிட்ட ஆங்கில எச்சரிக்கையைத் தயாரிப்பாளர்களே தருகின்றனர்; அது நம் மொழிகளில் இல்லாததால் படிக்கப்படுவதில்லை. மொழிபெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். ஒளிராத நிலையைக் குறிக்க 'மின்சாரம் இல்லை' என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பே அன்று. 'தெரியவில்லை' என்பதே சரியான சொல். தெலுங்கிலும் இதற்கு நேரான சொல் வழக்கில் உள்ளது. கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும்.

ஆசிரியர்கள் ஒளிரும் பரிசோதனையோடு ஒளிராத பரிசோதனையையும் செய்துகாட்ட வேண்டுகிறேன். பழுதற்ற புதிய இரட்டை உறைக் கேபிள் ஒன்றின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றுக. தாளைத் தனியே விட்டால் கருவி ஒளிரும். தாளை எர்த்துடன் இணைத்தால் அணைந்துவிடும். கேபிளில் மின்னழுத்தம் அப்படியே இருப்பதை அதனுடன் இணைந்த மேசை விளக்கு எரிந்துகொண்டே காட்டும். இணைப்பை ஆசிரியர் தாமே, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் செய்து, பின்னர்ச் செருகல் வேண்டும். எந்த வகுப்பிலும் காப்புறை நீக்கிய மின்கம்பிக்கு இடமில்லை. மாணவர் செய்த மாதிரி கண்காட்சிக்குரியது. வீட்டு வேலைக்கு அதை எடுத்துச் செல்ல அனுமதிக்கலாகாது.

திருப்பதியை அடுத்த காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. வளிமண்டலம் பற்றிப் பாடம் நடத்தும்போது ஆசிரியர்கள் ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். தெளிந்த வானிலையில் நிலத்தருகே காற்றில் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட்டு அளவில் மின்புலம் எப்போதும் நிலவுகிறது. பேனாக் கருவி இதற்கு ஒளிர்வதில்லை; ஏனெனில் அப்புலம் திசை மாறுவதில்லை. இதே காரணத்தால் நேர்மின்னோட்டம் எதற்கும் அது ஒளிராது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் கீழ் சோலார் பம்புகள் பெருகி வருகின்றன. பெரிய பம்புகளில் மின்பலகைகளைத் தொடராக இணைத்துச் சில நூறு வோல்ட்டு நேர்மின்னழுத்தம் பெறப்படுகிறது. சுவிட்சை அணைத்தாலும், வெயில் உள்ள வரையில், பலகையிலிருந்து சுவிட்சுக்கு வரும் கம்பியில் அவ்வழுத்தம் நீங்காது. அக்கம்பியின் மேல் பேனாவை எத்தனை முறை வைத்தாலும் விளக்கு எரியாது. அங்கு வேலை செய்யச் செல்பவர், அந்த அழுத்தத்திற்கு ஏற்ற நேர்மின் மீட்டரைக் கையோடு கொண்டுசெல்லல் வேண்டும்.